பன்னிரண்டாவது வளைவு

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவற்றில் 12-வது வளைவு எங்கள் குடும்பச் சொத்து. பட்டா மட்டும்தான் கைக்கு வரவில்லை. 1987-ல் அப்பாவின் ஃபியட் அங்கே நின்றது. 2024-ல் என் கார் அங்கே நின்றது. “நம்ம வண்டி நின்னது பதினொண்ணாவது வளைவுங்க” என்று என் மனைவி இன்றும் வாதிடுகிறாள். ஒரு வளைவுக்காகக் குடும்ப வரலாற்றை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. இரண்டு முறையும் சாலையோரச் சுவரில் குரங்குகள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. இரண்டாம் முறை பார்த்தவை முதல் முறை பார்த்தவற்றின் கொள்ளுப்பேரன்களாக இருக்கலாம். பார்வையில் எந்த மாற்றமும் இல்லை.

இடைப்பட்ட 37 வருஷத்தில் கார்களுக்கு மூளை வைத்துவிட்டார்கள். அதனால் எனக்கு விளைந்த நன்மைகளைப் பட்டியலிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் 1987.

அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி வியாபாரம். கையிருப்பை ஒரே இடத்தில் முடக்கக் கூடாது என்பது அவருடைய தொழில் தர்மம். அது பெட்ரோலுக்கும் பொருந்தும். பங்க்கில் வண்டி நின்றதும் பையன் கேட்பதற்கு முன்பே “அஞ்சு லிட்டர்” என்பார். டேங்க் நிரம்ப ஊற்றுவது கல்யாணம், கருமாதி, ஏற்காடு கோடை விழா போன்ற பெரிய காரியங்களுக்கு மட்டும். அந்த மே மாதம் கோடை விழா வந்தது. டேங்க் நிரம்பியது. அப்பாவின் முகத்தில் தாராளப் பிரபுவின் களை வந்துவிட்டது.

ஒரு சின்ன விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு ஒரு வாரம் முன்பு பங்க்கில் கழற்றி வைத்த டேங்க் மூடி அங்கேயே போய்விட்டது. அப்பா கடைவீதியில் ஒரு புது மூடி வாங்கிப் போட்டார். அச்சு அசல் பழையது மாதிரியே இருந்தது. விலை பாதி. அந்தச் சாமர்த்தியத்தை அவர் நாலு பேரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அடிவாரம் தாண்டி எட்டு வளைவு வரை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு போனது. பத்தாவதில் இழுவை குறைந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் முன்னே போவதற்குப் பதில் ஜெர்க் அடித்தது. 12-வது வளைவில் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பின்னால் வந்த பஸ் எங்களைச் சுற்றிக்கொண்டு போனபோது ஜன்னலோரத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

பானெட்டைத் திறந்ததும் சித்தப்பா தீர்ப்பு சொன்னார்: “வேப்பர் லாக்.” அந்தக் காலத்தில் கார் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த வியாதி அது. எஞ்சின் பக்கத்திலேயே பொருத்திய மெக்கானிக்கல் பம்ப். கேம் ஷாஃப்ட் ஒரு நெம்புகோலைத் தட்டத் தட்ட, உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு மேலும் கீழும் அசைந்து டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும். அது கார்புரேட்டருக்குக் கொடுக்கிற அழுத்தம் மூன்று, நான்கு பி.எஸ்.ஐ.தான். சைக்கிள் டியூபுக்கு அடிக்கிற காற்றில் பத்தில் ஒரு பங்கு. மே மாத வெயிலில், மலை ஏறும் சூட்டில், குழாய்க்குள் இருக்கும் பெட்ரோலே கொதித்து ஆவியாகிவிடும். திரவத்தைத் தள்ளப் பிறந்த பம்ப் ஆவியைத் தள்ள முடியாமல் திணறும். இதற்கு வைத்தியம், பம்ப் மேல் ஈரத்துணி.

அம்மா கூஜாவில் கொண்டுவந்த குடிதண்ணீரில் சித்தப்பாவின் துண்டு நனைந்தது. நாங்கள் புளிசாதம் சாப்பிட்டோம். அப்பா ஒரு சந்தேகத்துக்கு டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். இருந்தது. மூடினார். அரை மணி கழித்து சோக்கை இழுத்து செல்ஃப் அடித்தால் வண்டி ஒரே உறுமலில் கிளம்பியது.

துண்டு ஜெயித்தது. சித்தப்பாவும் ஜெயித்தார். மீதி எட்டு வளைவுக்கும் அவர் பேச்சு ஓயவில்லை.

*

அடுத்த மூன்று மாதம் அந்தத் துண்டு எங்களை ஆண்டது. ஊருக்குள் வண்டி ஒழுங்காக ஓடியது. தூரப் பயணம் போனால் மட்டும் நின்றது. எங்கள் மெக்கானிக் பாயிடம் போனோம். பாய் ஒரு மரத்தடியில் ஷெட் வைத்திருந்தார். சாமான் என்று பார்த்தால் ஒரு ஸ்பேனர் பெட்டி, ஒரு டெஸ்ட் லாம்ப், காதில் செருகிய பற்ற வைக்காத பீடி. மற்ற கருவிகளெல்லாம் உடம்பிலேயே இருந்தன. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலப்படம் இருக்கிறதா என்று உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, ஊதி, முகர்ந்து பார்த்துச் சொல்லிவிடுவார். ஜெட் அடைப்பை வாயால் ஊதி எடுப்பார். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்.

“கரண்ட் வருதா, பெட்ரோல் வருதா. இந்த ரெண்டு கேள்விதான் சார். ரெண்டும் வந்துட்டா ஓடாத எஞ்சின் கிடையாது” என்பார். பெட்ரோல் வருகிறதா என்று பார்ப்பதும் சுலபம். கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடிக்கச் சொல்வார். பெட்ரோல் பீய்ச்சி அடித்தது. “பம்ப் நல்லா இருக்கு சார்.” ஆனாலும் சந்தேகத்துக்குச் சவ்வை மாற்றினார். கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்து மேய்ந்தார். பம்பைச் சுற்றி நிரந்தரமாக ஒரு சாக்குத் துணி கட்டப்பட்டது. தூரம் போகும்போதெல்லாம் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை.

ஆடிப்பெருக்குக்கு மேட்டூர் கிளம்பினோம். மறுபடி டேங்க் ஃபுல். மேச்சேரிக்கு முன்னால் வண்டி நின்றது. சாக்கு சொட்டச் சொட்ட ஈரமாகத்தான் இருந்தது. “டேய், பெட்ரோல் இருக்கான்னு குச்சி விட்டுப் பாரு” என்றார் அப்பா. நான் போய் மூடியைத் திருகினேன்.

புஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். சோடா பாட்டிலில் காற்று வெளியே வரும். இது உள்ளே போனது.

“அப்பா, மூடியைத் தொறந்தா புஸ்ஸுன்னு சத்தம் வருது.”

“சும்மா இருடா. பெட்ரோல் இருக்கா, அதைச் சொல்லு.”

இருந்தது. வண்டியும் கிளம்பியது. பாராட்டு சாக்குத் துணிக்குப் போனது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பாய் எங்களுடன் வண்டியில் ஏறினார். அவர் வந்ததால் அப்பா மரியாதைக்காக டேங்கை நிரப்பினார். ஓமலூர் தாண்டி நின்றது. நான் முந்திக்கொண்டு ஓடி மூடியைத் திறந்தேன். புஸ். பாயின் காது நிமிர்ந்தது. மூடியை வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

“பையன் சொல்றது சரி சார். எண்ணெய் டின்ல ஒரே ஒரு ஓட்டை போட்டா எண்ணெய் வருமா? இன்னொரு ஓட்டை போட்டாத்தானே வரும்? இந்த மூடில அந்த ஓட்டையே இல்ல.”

விஷயம் அவ்வளவுதான். பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். பழைய மூடியில் அதற்கு ஊசித்துளை இருந்தது. பாதி விலை மூடியில் அதைப் போட மறந்துவிட்டார்கள். டேங்கில் 5 லிட்டர் மட்டும் இருந்தால் மேலே காற்றுக்கு ஏகப்பட்ட இடம். நாலு லிட்டர் போனாலும் வெற்றிடம் பெரிதாக உருவாகாது. ஊருக்குள் நோய் தெரியாததற்கு அதுதான் காரணம். நிரப்பினால் மேலே காற்று கொஞ்சம்தான். ஐந்தாறு லிட்டர் போவதற்குள் பம்ப் எதிர்த்து இழுக்க முடியாத அளவுக்கு இறுகிவிடும். அப்பா வாழ்க்கையில் தாராளமாக இருந்த நாட்களில் மட்டும் வண்டி நின்றிருக்கிறது.

வண்டி நின்றதும் யாராவது மூடியைத் திறந்து பார்ப்பார்கள். அந்த நொடியிலேயே நோய் குணமாகிவிடும். அதன் பிறகு செய்த பாட்டில் சோதனை எப்படித் தோற்கும்? நோயாளி பிழைத்து எழுந்த பிறகு நாடி பிடித்திருக்கிறோம்.

பாய் ஆணியைச் சூடாக்கி மூடியில் ஒரு துளை போட்டார். கூலி வாங்கவில்லை. சித்தப்பா மட்டும் கடைசிவரை வேப்பர் லாக் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

*

இடைக்கால வரலாறு சுருக்கமாக. தலைநகர வட்டாரத்தில் விற்கும் புதிய கார்கள் யூரோ தரத்தில் இருக்க வேண்டும் என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க ஈயம் கலக்காத பெட்ரோல்தான் என்றானது. ஏப்ரலில் புகை விதிகள் ஊருக்கெல்லாம் இறுகின. கார்புரேட்டர் விடைபெற்று இஞ்செக்ஷன் வந்தது. கார்களின் முதுகில் எம்.பி.எஃப்.ஐ. என்ற நான்கெழுத்துப் பட்டம் ஒட்டிக்கொண்டது. எங்கள் தெருவில் ஒருவர் அந்த ஸ்டிக்கரைப் பின் கண்ணாடியில் தனியாக வாங்கி ஒட்டினார். அவருடைய வண்டியில் இருந்தது கார்புரேட்டர்.

நான் வாங்கியது 2001-ல் வெளிவந்த ஒரு சின்னக் கார். 2008-ல், இரண்டாம் கையாக. பெயர் வேண்டாம், இந்தக் கதையில் தவறு அதனுடையது அல்ல. சோக் கிடையாது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட். பம்ப் எஞ்சினை விட்டு வந்து டேங்குக்குள்ளேயே குடியேறிவிட்டது. மின்சாரத்தில் ஓடும். சுற்றி இருக்கும் பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கும். அது கொடுக்கும் அழுத்தம் 3 பார். பழைய பம்பைவிடப் பத்து மடங்குக்கு மேல். இந்த அழுத்தத்தில் பெட்ரோல் சுலபத்தில் கொதிக்காது. வேப்பர் லாக்கும் சித்தப்பாவின் தலைமுறையும் சேர்ந்தே ஓய்வு பெற்றன.

பெட்ரோல் ஃபில்டரைக் கடந்து எஞ்சின் மேல் உள்ள ஒரு குழாய்க்கு வரும். அங்கே சிலிண்டருக்கு ஒரு இஞ்செக்டர் காத்திருக்கும். எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று இ.சி.யு. என்கிற கம்ப்யூட்டர் மூளை கணக்குப் போட்டுச் சொல்லும். சும்மா நிற்கும்போது ஒரு தடவைக்கு இரண்டு, மூன்று மில்லி விநாடி. மிஞ்சிய பெட்ரோலை ரெகுலேட்டர் டேங்குக்கே திருப்பி அனுப்பும். அந்த மூளையை நம்பி நான் பானெட்டைத் திறப்பதையே விட்டுவிட்டேன்.

*

2024 மே. அதே கோடை விழா. பின் சீட்டில் பதிமூன்று வயது மகள். காலையில் ஒரே திருகலில் ஸ்டார்ட் ஆன வண்டி. ஊருக்குள் குறை சொல்ல முடியாது. பத்தாவது வளைவில் இழுவை குறைந்தது. மிதிக்க மிதிக்க ஜெர்க். 12-வதில் நின்றது. சுவர்மேல் குரங்குகள்.

பானெட்டைத் திறந்தேன். கருப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று தெரிந்தது. அதை ஆழ்ந்து பார்த்துவிட்டுப் பானெட்டை மூடினேன். துண்டு நனைக்கக்கூட இடம் இல்லை. இருபது நிமிஷம் கழித்து தானாகவே ஸ்டார்ட் ஆனது.

அதன் பிறகு நான் செய்தது விஞ்ஞான முறையிலான ஆராய்ச்சி. அதாவது வீடியோக்கள் பார்த்தேன். முதல் வீடியோ பிளக் என்றது. நான்கு பிளக்கும் ஒயரும் மாற்றினேன். இரண்டாவது, த்ராட்டில் பாடி அழுக்கு என்றது, சுத்தம் செய்தேன். மூன்றாவது இஞ்செக்டர் என்றது. நான்கையும் கழற்றிக் கழுவக் கொடுத்தேன். ஒரு நண்பர் சென்சார் என்றார். எந்த சென்சார் என்று கேட்டதற்கு, “எல்லாமே சென்சார்தானே சார் இப்போ” என்றார். ஒன்றை மாற்றினேன். குடியிருப்புச் சங்கச் செயலாளர் எத்தனால்தான் வில்லன் என்றார். அதில் பாதி நியாயம் உண்டு. எத்தனால் தண்ணீரை இழுக்கும். தண்ணீர் அதிகமானால் இரண்டும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பழைய வண்டிகளின் ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஆனால் என் டேங்கின் அடியிலிருந்து எடுத்த பெட்ரோல் கண்ணாடிப் பாட்டிலில் இரவு முழுக்க நின்றும் கோடு பிரியவில்லை.

கடைசியாக ஃபில்டரை மாற்றினேன். பழையதைக் கவிழ்த்தால் கறுப்புக் கஷாயம் வந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். இரண்டு வாரம் வண்டி பறந்தது. மூன்றாவது வாரம் சங்ககிரி மேம்பாலத்தில் அதே இருமல். அதுவரை செலவு 11,400 ரூபாய். அப்பாவின் துண்டுக்கு ஆன செலவு ஒரு கூஜா தண்ணீர்.

இதற்கு நடுவே ஒரு நாள் மகள் சொன்னாள்: “அப்பா, வண்டி இழுக்காதப்போ சீட்டுக்கு அடியில ஏதோ முனகுது.”

“சும்மா இரும்மா” என்றேன். அப்போது ஒரு வீடியோ கேட்டுக்கொண்டிருந்தேன்.

*

பாயின் ஷெட் இப்போது அவர் மகன் கையில். மரத்தடி போய் கூரை வந்திருக்கிறது. சுவரில் ஸ்கேனர் தொங்குகிறது. பாய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பீடியை டாக்டர் நிறுத்திவிட்டார்.

மகன் ஸ்கேனரை எடுத்து வந்தான். எந்த வண்டியின் ஜாதகத்தையும் ஒரு நிமிஷத்தில் படிக்கும் கருவி. என் வண்டியில் செருக இடம் இல்லை. “இது அதுக்கு முந்தின காலத்து வண்டி அண்ணே” என்றான். ஸ்கேனர் படிக்கிற ஓ.பி.டி.-2 ஏற்பாடு நம் ஊர்க் கார்களுக்குக் கட்டாயமானது 2013-ல். அதற்கு முன்னால் வந்த என் வண்டியிடம் பேச ஒரு துண்டு ஒயர்தான் வழி. அவன் டேஷ்போர்டுக்குக் கீழே இரண்டு பின்களை அதனால் இணைத்தான். எஞ்சின் செக் லைட் கண் சிமிட்டியது. ஒரு சிமிட்டல், இடைவெளி, இரண்டு சிமிட்டல். மறுபடியும் அதே.

“பன்னெண்டுண்ணே.”

“அப்படின்னா?”

“எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம்.”

12-வது வளைவில் நிற்கிற வண்டி 12 என்று சொல்கிறது. இதற்கு மேல் ஒரு காரால் கேலி செய்ய முடியாது.

காரணம் பிறகு புரிந்தது. அந்தக் காலத்து இ.சி.யு.வுக்குப் பெட்ரோலின் அழுத்தத்தை அளக்கும் வழியே கிடையாது. இஞ்செக்டரை இத்தனை மில்லி விநாடி திற என்று உத்தரவு போடும். பெட்ரோல் வந்து சேர்ந்ததா என்று பார்க்காது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் புகார் சொல்லலாம். ஆனால் மேட்டில் முழுக்க மிதித்தால் மூளை அந்தப் புகாரைக் காதில் வாங்கிக்கொள்வதை நிறுத்திவிடும். உத்தரவு போட்டாயிற்று, கோப்பில் எல்லாம் சரி. சில அலுவலகங்களை இதே முறையில் நடத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

மகன் அடுத்த படிக்குப் போனான். பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி எஞ்சினை ஓட விட்டு, அதுவாக அணைந்து குழாயில் அழுத்தம் வடிந்த பிறகு, பிரஷர் கேஜைப் பொருத்தினான். சும்மா நின்ற வண்டியில் 2.5 பார். ரெகுலேட்டரின் வாக்குவம் டியூபைக் கழற்றினால் 3. அந்த டியூபில் பெட்ரோல் வாடை இல்லை. எனவே ரெகுலேட்டர் சவ்வு கிழியவில்லை. புத்தகத்தில் போட்ட கணக்கு அப்படியே இருந்தது. பின் சீட்டைத் தூக்கி, பம்பின் கனெக்டரைக் கழற்றி, மல்ட்டிமீட்டர் வைத்தான். 12 வோல்ட். மறுபடியும் 12.

“எல்லாமே ஓகேதான்ணே. புது பம்ப் போட்டுப் பாக்கலாமா?”

வாசலிலிருந்து பாயின் குரல் வந்தது. “சும்மா உக்காந்திருக்கிறவன் நாடியப் பாத்தா நல்லாத்தாண்டா இருக்கும். மூட்டை தூக்கச் சொல்லிட்டுப் பாரு.”

அடுத்த நாள் காலை கேஜின் ஹோஸை நீளமாக்கி, பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, கண்ணாடிக்கு வெளிப்புறம் டேப் ஒட்டினோம். பெட்ரோல் குழாயை வண்டிக்குள் கொண்டுவரக் கூடாது. தீயணைப்பு உருளை என் காலடியில். மகன் ஓட்ட, நான் முள்ளைப் பார்க்க, பாய் பின் சீட்டில். மலை ஏற ஆரம்பித்ததும் முள் 3-க்குப் போனது. அது சரி. மிதிக்கும்போது அங்கேதான் நிற்க வேண்டும். ஒன்பதாவது வளைவில் 2.5. பத்தாவதில் 2. அடுத்ததில் வண்டி ஜெர்க் அடித்தபோது 1.5.

பாய் குனிந்து சீட்டில் காதை வைத்திருந்தார்.

“குரல் கம்முது தம்பி. நல்ல பம்ப்தான். சோறு பத்தல.”

மகள் சொன்ன முனகல் அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

ஓரமாக நிறுத்தினோம். கனெக்டரைக் கழற்றாமல், பம்ப் ஓடும்போதே பின்பக்கமாக மீட்டரின் ஊசியைச் செருகினான் மகன். ஆல்ட்டர்னேட்டர் 14-க்குப் பக்கத்தில் கொடுக்கிறது. பம்புக்கு வந்து சேர்ந்தது 10-ஐத் தொடவில்லை. எர்த் ஒயருக்கும் பாடிக்கும் இடையில் வைத்துப் பார்த்தால் 3 வோல்ட். அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தோம். ஒரு பின் மட்டும் பழுப்பேறி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் கருகியிருந்தது. எர்த் ஒயர் பாடியில் சேரும் இடத்தில் துரு.

கதை பின்னோக்கி விரிந்தது. நான் வருஷக்கணக்கில் மாற்றாத ஃபில்டர் அடைத்துக்கொண்டது. அடைப்பை எதிர்த்துத் தள்ளிய பம்ப் கூடுதல் கரண்ட் இழுத்தது. அந்தக் கரண்ட், துருவேறிய எர்த்தையும் தளர்ந்த பின்னையும் சூடாக்கியது. ஃபில்டரை மாற்றியதும் பாரம் குறைந்து இரண்டு வாரம் ஓடியது. ஆனால் வெந்த பின் வெந்ததுதான். சும்மா நிற்கும்போது எஞ்சினுக்குத் தேவை கொஞ்சம்; பாதிச் சாப்பாட்டில் இருக்கும் பம்ப்கூடச் சரியான அழுத்தத்தைக் காட்டிவிடும். மேட்டில்தான் சாயம் வெளுக்கும். கனெக்டரைக் கழற்றி அளந்தால் கரண்ட் ஓடாது. ஓடாத கரண்ட் வழியில் எதையும் இழக்காது. மீட்டர் 12 என்று சத்தியம் செய்யும். மூடியைத் திறந்த பிறகு செய்த பாட்டில் சோதனையின் பேரன் அது.

புது பின், ஓர் அடி ஒயர், ஒரு லக். பொருள் விலை 60 ரூபாய். கூலியைச் சேர்த்து மகன் கேட்டது 500. எடுத்துக் கொடுத்தபோது பாய் என் டேங்க் முள்ளைப் பார்த்துவிட்டார்.

“என்ன தம்பி, ரிசர்வ்லயே ஓட்டுறீங்க? பம்ப் குளிக்கிறதே பெட்ரோல்லதான். அப்பாவோட புத்தி அப்படியே இருக்கு.”

அப்பா நிரப்பிக் கெட்டார். நான் நிரப்பாமல் கெட இருந்தேன்.

*

அந்தக் காலம் பொன்னானது என்று எழுத எனக்கு ஆசைதான். மனசாட்சி இடம் தரவில்லை. அந்தக் காலத்தில் காதும் மூக்கும் வாயும் கருவிகள். ஒரு மூடியில் ஓட்டை இல்லை என்று கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது. இந்தக் காலத்தில் கேஜும் மீட்டரும் ஸ்கேனரும். ஒரு பின் கருகியிருக்கிறது என்று கண்டுபிடிக்கவும் மூன்று மாதம் ஆனது. முன்பு பழியை வெயில்மேல் போட்டோம், இப்போது சென்சார்மேல் போடுகிறோம். முன்னேற்றம், செலவுக் கணக்கில் மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

கருவிகளைக் குறை சொல்லவும் இல்லை. பாயின் காது பம்பைக் காட்டியது. எர்த்தைக் காட்டியது மீட்டர்தான். இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தால் நான் புது பம்ப் வாங்கி, அதே கருகிய பின்னில் மாட்டியிருப்பேன்.

உங்களிடமும் இப்படி ஒரு பழைய இஞ்செக்ஷன் கார் இருந்தால், எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பிப் பின் சீட்டில் காது வையுங்கள். இரண்டு விநாடி ‘ம்ம்ம்’ என்று ஓடி நிற்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலேயிலிருந்து ஆரம்பியுங்கள். சத்தம் இருந்தும் மேட்டில் திணறினால், அழுத்தத்தை மேட்டிலேயே அளக்கச் சொல்லுங்கள். வோல்ட்டைப் பம்ப் ஓடும்போது அளக்கச் சொல்லுங்கள். ஃபில்டரை அது கறுப்புக் கஷாயம் ஆவதற்கு முன்பே மாற்றுங்கள். டேங்கில் கால் பங்காவது இருக்கட்டும்.

பின் சீட்டில் இருக்கும் குழந்தை ஏதோ சத்தம் கேட்கிறது என்று சொன்னால், தயவுசெய்து சும்மா இரு என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாகச் சரியாகச் சொன்னது அந்தக் குரல் ஒன்றுதான்.